பற்றறி இறங்குது, பித்தளை சிவக்குது

கேள்வி: கொக்கிளாய்க் களப்பில் பைபர் படகு கட்டி வைத்திருக்கிறேன். எல்லாச் சுவிச்சையும் நிப்பாட்டினாலும் பத்து நாளில் 70 அம்பியர் மணிப் பற்றறி இறங்கிவிடுகிறது. தண்ணீர் வடிக்கும் பித்தளை மூடி போட்டு மூன்று மாதம்தான், சிவந்து உதிர்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் இஞ்சின் காலில் உள்ள நாகக் (துத்தநாக) கட்டியும் கரைகிறது. கரண்ட் கசியுதோ?

பதில்: நாகக் கட்டியை விடுங்கள், இஞ்சின் காலுக்குப் பதிலாக அது கரையத்தான் போட்டது. பித்தளையைத்தான் பார்க்கவேண்டும். அதிலுள்ள நாகம் போய்ச் செம்பு மிஞ்சினால் அந்தச் சிவப்பு வரும். உப்புத் தண்ணியில் தானாகவும் வரும்தான். ஆனால் இவ்வளவு கெதியாக என்றால் பற்றறியின் 12 வோல்ற் பின்னால் நின்று தள்ளுகிறது என்றே சந்தேகிப்பேன்.

படகு தண்ணீரில் நிற்கும்போதே சோதியுங்கள். கரையில் இழுத்துவிட்டால் கசிவும் ஒளிந்துவிடும். பெற்றோல் தாங்கியை இறக்கி, பற்றறிப் பெட்டியைத் திறந்து காற்றோட விடுங்கள். மெயின் சுவிச் மட்டும் போட்டபடி இருக்கட்டும். நெகற்றிவ் வயரைக் கழற்றி, மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகி, மீற்றரை 10 அம்பியரில் வைத்து, வயருக்கும் பற்றறி முனைக்கும் இடையில் பிடியுங்கள். அந்த நேரம் இஞ்சினை ஸ்ராட் பண்ணக்கூடாது, மீற்றர் பியூஸ் போய்விடும். (மீற்றரின் சிவப்பு வயரைப் பிறகு பழைய துளைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வோல்ற் பார்க்கப்போய் நானே இரண்டு பியூஸ் எரித்தவன்.)

இரண்டு மூன்று மில்லி அம்பியர் என்றால் றேடியோ நினைவு வைக்கிற செலவு, பேசாமல் விடலாம். 0.2 அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 4.8 அம்பியர் மணி, பத்து நாளில் 48. உங்கள் கணக்குச் சரிவரும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது மீற்றர் எண் விழுந்து குறைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எல்லாம் பிடுங்கியும் விழவில்லையென்றால், தண்ணி ஏறினால் தானே போடும் மிதவைச் சுவிச்சோடு பற்றறியில் நேரே கொடுத்த தண்ணிப் பம்பைப் பாருங்கள். என் சந்தேகம் முதலிலேயே அதில்தான். அதன் வயரில் ஒட்டு ரேப் சுற்றிய மூட்டு, படகுக்குள் அடியில் தேங்கிய தண்ணியில் ஊறிக் கிடக்கும். அதைக் கையால் வெளியே தூக்குங்கள். மீற்றர் எண் இறங்கினால் கள்ளன் பிடிபட்டான். ரேப்பை வெட்டினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாய் இருக்கும்.

அந்த மூட்டிலிருந்து கரண்ட் அடித்தண்ணிக்கும், பித்தளைக்கும், களப்புக்கும் போய், இஞ்சின் கால் வழியாக நெகற்றிவுக்குத் திரும்புகிறது. உலோகத்தை விட்டுத் தண்ணிக்குள் கரண்ட் இறங்கும் இடம்தான் அரிபடும். அதனால்தான் மூடி போகிறது, கால் தப்புகிறது.

மூட்டைத் தண்ணி எட்டாத உயரத்துக்குத் தூக்கி, பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். பற்றறிக்குக் கிட்ட ஒரு பியூஸும் வையுங்கள். எண் விழுந்ததை மீற்றரில் பார்த்த பிறகு புது மூடி வாங்கினால் போதும்.