அழித்தும் போகாத கோப்பு

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கும் மகன் போன வருடம் வந்தபோது தன்னுடைய பழைய ஜிபிஎஸ் கைக்கருவியான கார்மின் எட்ரெக்ஸ் 10-ஐ எனக்குத் தந்துவிட்டுப் போனான். யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்ற பிறகு பேத்தி என் லப்டொப்பில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தாள். பெட்டிகளின் பட்டியலைப் பராமரிக்க நான் பாவித்த ஜீசாக் மென்பொருள் இதில் ஏறவில்லை. அடுத்த மாதம் மகனிடம் போகிறேன். அந்தப் பக்கத்துப் பெட்டிகள் ஆயிரத்தைத் தரவிறக்கினேன். கருவியில் இருந்த பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் இடமில்லை என்கிறது. கடையில் காட்டினேன். மெமரி பழுது, இனிச் சரிவராது என்றார்கள். உண்மையா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, கருவியை எறிந்துவிடாதீர்கள். இதே கூத்து எனக்கும் நடந்தது. வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் முழுக்க அந்த மஞ்சள் பெட்டியைத் திட்டிக்கொண்டு இருந்தேன். பிழை அதில் இல்லை.

லினக்ஸில் யூஎஸ்பி கருவியிலுள்ள கோப்பை டிலீட் விசையால் அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. கருவிக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டி உருவாகி, கோப்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கோப்புறையின் பெயர் புள்ளியில் தொடங்கும். ‘ட்ராஷ்-1000’ என்று இருக்கும். புள்ளியில் தொடங்குபவற்றை லினக்ஸ் மறைத்துவிடும் என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கருவியைச் செருகி, கோப்பு மேலாளரைத் திறந்து, கன்ட்ரோல் (Ctrl), எச் (H) விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். உங்கள் பழைய கோப்புகளெல்லாம் அங்கே வரிசையாகப் படுத்திருக்கும். கருவி இணைப்பில் இருக்கும்போதே மின்ட்டின் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். இனிமேல் அழிக்கும்போது ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். கார்மின் கோப்புறைக்குள் நீங்கள் போடாத எதையும் தொட வேண்டாம்.

அதோடு முடிந்துவிடாது. எட்ரெக்ஸ் 10-க்குள் இருப்பது சில மெகாபைட் இடம்தான். எட்ரெக்ஸ் 20, 30 மாதிரி மெமரி கார்ட் போடும் வசதியும் கிடையாது. ஆயிரம் பெட்டிகளின் விவரம், குறிப்பு, மற்றவர்கள் எழுதிய பதிவுகள் எல்லாம் சேர்ந்தால் அந்த இடத்தையே விழுங்கிவிடும். ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் லினக்ஸ், விண்டோஸ், மக் மூன்றிலும் ஓடும். அதில் ரேடியஸ் வடிகட்டி இருக்கிறது. மகன் வீட்டின் ஆயத்தொலைவைக் கொடுத்து, பத்துக் கிலோமீற்றருக்குள் இருப்பதை மட்டும் புதிய கோப்பாக எடுங்கள். உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

ஜீசாக் பற்றி. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வைன் என்ற இடைமென்பொருளில் சிலர் ஓட்டுகிறார்கள். நான் முயன்று, அலுத்து, விட்டுவிட்டேன். ஒரு சுற்றுலாவுக்காக அந்தப் பாடு படத் தேவையில்லை. நீங்கள் தரவிறக்கும் பெட்டிப் பட்டியல் ஜிபிஎக்ஸ் (GPX) என்ற வகைக் கோப்பு, அது வெறும் எழுத்துக் கோப்பு. சந்தேகமிருந்தால் மின்ட்டின் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள்: பெட்டியின் இலக்கம், பெயர், அகலாங்கு, நெட்டாங்கு எல்லாம் கண்ணால் வாசிக்கலாம். இதற்கு விண்டோஸும் ஒன்றுதான், லினக்ஸும் ஒன்றுதான். தரவிறக்கும்போது சுருக்கிய சிப் (zip) கோப்பாக வரும். அதைக் கருவி வாசிக்காது. விரித்தால் உள்ளே இரண்டு கோப்புகள்: ஒன்று பெட்டிகள், மற்றது வாகனம் நிறுத்துமிடம் போன்ற துணைப் புள்ளிகள். இரண்டையும் கார்மின் கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புறையில் போடுங்கள். வயரைக் கழற்றமுன் ‘இஜெக்ட்’ கொடுங்கள். இல்லாவிட்டால் பாதி எழுதிய கோப்போடு விமானம் ஏறுவீர்கள்.

பழைய விண்டோஸ் பிரதி எங்காவது மிச்சமிருந்தால், ஜீசாக்கிலிருந்து எல்லாவற்றையும் ஜிபிஎக்ஸாக ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். பேத்தி டிஸ்க்கைத் துடைத்தே விட்டாளென்றால், கண்டுபிடித்த பெட்டிகளின் பதிவு எப்படியும் உங்கள் இணையக் கணக்கில் இருக்கும். பிள்ளையை ஏச வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் பெட்டி கண்ட நேரத்தைக் கருவி ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் குறித்துவைக்கும். அது உலகப் பொது நேரம். நம்முடையது ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. காலிமுகத்திடலில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவரென்றால், அங்கே கண்ட பெட்டி முதல் நாள் திகதியில்தான் பதிவாகியிருக்கும். திகைக்காதீர்கள்.

கேள்வி: காலிமுகத்திடல் பெட்டி ஒன்றின் ஆயத்தொலைவைக் கையால் தட்டினேன். வரைபடத்தில் புள்ளி நடுக்கடலில் நிற்கிறது. ஏன்?
— வாசகி, தெகிவளை

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் 6 பாகை 55.410 கலை, 79 பாகை 50.700 கலை என்று இருக்கிறது. அதை 6.55410, 79.50700 என்று தட்டியிருக்கிறீர்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை, நூறு அல்ல. 55.410-ஐ அறுபதால் வகுத்தால் 0.9235, 50.700-ஐ வகுத்தால் 0.845. ஆகவே 6.9235, 79.845 என்று போடுங்கள், புல்வெளிக்கு வந்துவிடும். நீங்கள் போட்ட புள்ளி களுத்துறைப் பக்கம், கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் போல அப்பால். அங்கே போக வள்ளம் வேண்டும்.