பழைய விளையாட்டுகள், புதிய விண்டோஸ்: கணினி கேள்வி–பதில்

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அண்ணன் 1990-களில் ஃப்ளாப்பியில் வைத்திருந்த ‘டிக்கர்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆகிய இரண்டையும் பின்னாளில் ஒரு சிடியில் பதிந்து வைத்தார். விண்டோஸ் 11 மடிக்கணினியில் அவற்றைத் திறந்தால், இந்தக் கணினியில் இயங்காது என்ற அறிவிப்புதான் வருகிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா, இல்லை காம்பாட்டிபிலிட்டி பகுதியில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: இந்த அறிவிப்பை வைத்துக் கோப்புகள் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம், நல்ல நிலையில் உள்ள டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரலுக்கும் அதேதான் வரும். நீங்கள் சொல்லும் இரண்டும் டாஸுக்காக எழுதப்பட்ட 16 பிட் நிரல்கள். டாஸ் நிரல்களை விண்டோஸுக்குள்ளேயே ஓட்டுவதற்கென்று இன்டெல் 386 காலத்திலிருந்து பிராசஸரில் ஒரு தனி முறை உண்டு. ஆனால் பிராசஸர் 64 பிட்டில் இயங்கத் தொடங்கியதும் அந்த முறை கிடைக்காது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்ததால் அதில் டாஸ் நிரல்களுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. ஆகவே காம்பாட்டிபிலிட்டி பகுதியில் எதை மாற்றினாலும் பயன் இராது.

உங்களுக்கு வேண்டியது டாஸ்பாக்ஸ். 2002-ல் முதலில் வெளிவந்த இந்த இலவச மென்பொருள், பிராசஸர், விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை என்று ஒரு பழைய கணினி முழுவதையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. சிடியில் உள்ளவற்றை வன்தட்டில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ஃபோல்டரின் பெயர் இடைவெளியின்றி எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். பிறகு டாஸ்பாக்ஸைத் திறந்து, மவுன்ட் கட்டளையால் அந்த ஃபோல்டரை சி டிரைவாக இணைத்து, அங்கே சென்று நிரலின் பெயரைத் தட்டுங்கள்.

‘பிரின்ஸ்’ பெரும்பாலும் தொல்லை தராது. ‘டிக்கர்’தான் பொறுமை கேட்கும். 1983-ல் வெளிவந்த அந்த விளையாட்டு, 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய முதல் ஐபிஎம் பிசியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணினிகள் எல்லாம் அந்த வேகத்திலேயே ஓடும் என்று நம்பி எழுதியதால், வேகமான கணினியில் விளையாட்டும் தறிகெட்டு ஓடும். டாஸ்பாக்ஸ் சன்னலின் மேல்பட்டையில் சைக்கிள்ஸ் என்று ஓர் எண் தெரியும். கன்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தினால் அது குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். 300-ஐ ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு தங்க மூட்டைக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மூட்டை உடனே விழாமல் இப்படியும் அப்படியுமாகச் சற்று ஆடிவிட்டுத்தான் விழ வேண்டும். அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்து, நாம் விலகி ஓடவும் நேரம் கிடைத்தால் வேகம் சரி. எண்களைவிட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன், ஏனென்றால் சிறு வயதில் விளையாடிய கைக்கு அந்த நேரக் கணக்கு இன்னமும் நினைவிருக்கும்.

கேள்வி: கல்லூரியில் படித்தபோது, 1994-ல், டர்போ பாஸ்கல் 7-ல் ஒரு பாம்பு விளையாட்டு எழுதினேன். அதை டாஸ்பாக்ஸில் திறந்தால் ‘ரன்டைம் எரர் 200’ என்று காட்டி நின்றுவிடுகிறது. அது பூஜ்யத்தால் வகுத்த பிழையாம். என் நிரலில் வகுத்தலே கிடையாது.
– மதுரை வாசகர்

பதில்: பிழை உங்களுடையதன்று. திரையில் எழுதுவதற்கும் சிறிது நேரம் காத்திருப்பதற்கும் நீங்கள் சேர்த்துக்கொண்ட சிஆர்டி என்னும் பகுதியில்தான் அந்த வகுத்தல் ஒளிந்திருக்கிறது. நிரல் தொடங்கியவுடன் அது கணினியின் வேகத்தை அளக்கிறது: கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஏறக்குறைய 55 மில்லிசெகண்டுக்குள், ஒரு வெற்றுச் சுழற்சியை எத்தனை முறை ஓட்ட முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை என்று குறித்துக்கொள்கிறது. விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள், அடங்க வேண்டும். 1994-ல் இருந்த கணினிகளில் அடங்கியது. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பென்டியம்கள் வந்தபோது விடை அந்த எல்லையைத் தாண்டியது. விடை கொள்ளாவிட்டாலும் பிராசஸர் வகுத்தல் பிழை என்றே அறிவிக்கும். பாஸ்கல் அதற்குப் பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று பெயர் சூட்டிவிடுகிறது.

டாஸ்பாக்ஸின் சைக்கிள்ஸ் அமைப்பு ‘மேக்ஸ்’ என்று இருந்தால் இதே நிலை திரும்ப வரும். அதை 3,000 போன்ற ஒரு நிலையான எண்ணாக மாற்றுங்கள், உங்கள் பாம்பு நகரத் தொடங்கிவிடும். மூல நிரல் கையில் இருந்தால் அதையும் இன்றே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வெளியில் விற்ற விளையாட்டுகளுக்கு எங்கேயாவது ஒரு பிரதி கிடைத்துவிடும். மாணவர்கள் எழுதியவற்றுக்கு அவர்களுடைய ஃப்ளாப்பியைத் தவிர வேறு பிரதி இல்லை.

கேள்வி: 2003-ல் கடையில் விலைக்கு வாங்கிய ஒரு விளையாட்டின் அசல் சிடி என்னிடம் உள்ளது. விண்டோஸ் 10-ல் இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது. நகல் தடுப்பை உடைக்கும் ‘கிராக்’ கோப்பு இணையத்தில் கிடைக்கிறது, அதைப் போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். போடலாமா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: வேண்டாம். அப்படி ஒரு கோப்பை நம்பித் திறந்து, பல ஆண்டுகளாகச் சேர்த்த புகைப்படங்களை ஒரே நாளில் இழந்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து விளையாட்டு சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்னும் நகல் தடுப்பு இருந்தது. சிடியில் வேண்டுமென்றே படிக்க இயலாத பகுதிகளை வைத்து, அவை இருக்கின்றனவா என்று பார்த்து அசலையும் நகலையும் பிரித்தறிவார்கள். இதற்கான டிரைவர் ஒன்று விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. இயங்குதளத்தின் உள்ளறை வரை செல்லும் உரிமையும் அதற்கு இருந்தது. அதில் இருந்த ஓட்டை ஒன்றை 2007-லேயே மைக்ரோசாஃப்ட் அடைக்க நேர்ந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவருக்கு இடமே தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு புதுப்பிப்பு, பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்திவைத்தது. பாதுகாப்பை எண்ணி எடுத்த முடிவு சரியானதே என்றாலும், காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் இதில் நஷ்டப்பட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. உங்கள் சிடியிலும் சேஃப்டிஸ்க்தான் இருக்கிறதென்றால், காரணம் இதுவே.

முதலில், அந்த விளையாட்டின் கடைசி அதிகாரபூர்வ பேட்ச் (திருத்தக் கோப்பு) என்ன என்று பாருங்கள். சில நிறுவனங்கள் அதிலேயே சிடி சோதனையை நீக்கியிருக்கின்றன. இல்லையென்றால், 2008 முதல் நகல் தடுப்பின்றிப் பழைய விளையாட்டுகளை விற்றுவரும் ஜிஓஜி தளத்தில் தேடுங்கள். ஏற்கெனவே வாங்கியதை மறுபடி வாங்குவதா என்று தோன்றும். தள்ளுபடி நாள்களில் விலை கணிசமாகக் குறையும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய நிரல் அழிந்துபோகாதிருக்க மாற்றுப்படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் சேஃப்டிஸ்க் உள்ள சிடியைச் சாதாரண ஐஎஸ்ஓ கோப்பாக (ஒரு சிடி முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும் வகை) நகலெடுத்தால் அந்தப் படிக்க இயலாத பகுதிகள் நகலில் வரமாட்டா.

கேள்வி: விண்டோஸ் 7-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஓடுகிறது, ஆனால் தண்ணீரும் புல்லும் ஊதாவும் சிவப்புமாகத் தெரிகின்றன. கிராஃபிக்ஸ் கார்டு பழுதா?
– கோவை வாசகர்

பதில்: கார்டு பழுதில்லை. 1999-ல் வந்த அந்த விளையாட்டு 256 நிறங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை நேராகச் சொல்லாமல், 0 முதல் 255 வரை ஓர் எண்ணை மட்டும் எழுதுகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வேறோர் அட்டவணையில் இருக்கும். விளையாடும்போது பின்னணியிலுள்ள எக்ஸ்ப்ளோரர் (டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் விண்டோஸ் நிரல்) அந்த அட்டவணையில் கைவைத்துவிட்டால், எண்கள் அப்படியே இருக்க நிறங்கள் மட்டும் இடம் மாறிவிடுகின்றன. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாடி, முடித்ததும் மீண்டும் தொடங்குவது அந்நாளில் பலரும் கையாண்ட வழி. சிஎன்சி-டிடிரா என்னும் இலவசக் கோப்பை விளையாட்டின் ஃபோல்டரில் வைப்பது அதைவிடத் துப்புரவானது. அது திரையில் படம் வரைவதற்கான பழைய டைரக்ட்டிரா கட்டளைகளை இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அந்நாளைய த்ரீடிஎஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கு டிஜிவூடூ 2 என்னும் மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று ஒரு பழைய பென்டியம் 4 கணினியே வாங்கிவிடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: வீட்டில் இடம் இருந்தால் தாராளமாக வாங்கலாம், 1998 முதல் 2004 வரையிலான விளையாட்டுகளுக்கு 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி அளவுக்குப் பொருந்துவது வேறில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால் அதை இணையத்தில் இணைக்காதீர்கள். வாங்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலைகளைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். தேதி 2000-க்கோ அதற்கும் முன்போ திரும்பிப்போயிருந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் சிஆர் 2032 பேட்டரி ஒன்றை மாற்றினாலே சரியாகிவிடும்.