பொருத்தனை செய்தும் புகையை விட முடியவில்லையே?

கேள்வி: பல ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறேன். உபவாசமிருந்து, இனித் தொடவே மாட்டேன் என்று பொருத்தனை செய்கிறேன். மூன்றாம் நாளே மீறிவிடுகிறேன். சபையில் யாருக்கும் தெரியாது. திருவிருந்தில் பங்குபெறவே கூசுகிறது. என் விசுவாசம் பொய்யா? மருந்து எடுத்தால் அவிசுவாசமாகுமா?

பதில்: மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. நிகோட்டினுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காத முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் மிகக் கடுமையாகத் தவிக்கும். எரிச்சல், தூக்கமின்மை, அடங்காப் பசி எல்லாம் ஒன்றாக வரும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும். அந்த நாட்களில் உபவாசத்தின் களைப்பையும் ஏற்றிக்கொள்கிறீர்கள். முதல் வாரங்களில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள்.

மருந்து அவிசுவாசமல்ல. எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). நிகோட்டின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம், மாத்திரை ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெடுநாள் மிகுதியாக மது அருந்துபவர் யாரேனும் இதைப் படித்தால், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

பொருத்தனையை விட்டுவிடுங்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்வதற்குப் பதிலாக, வரப்போகும் ஒரு மணி நேரத்துக்குக் கிருபை கேளுங்கள். புகைக்கத் தூண்டும் வேகம் பொதுவாகச் சில நிமிடங்களில் தணியும். அப்போது இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து நடந்தபடி 103-ஆம் சங்கீதத்தை நிதானமாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். 22 வசனங்களும் முடிவதற்குள் பெரும்பாலும் அந்த வேகம் குறைந்திருக்கும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, யாருக்கும் தெரியாது என்ற உங்கள் வரிதான். ஒளிக்கிற பழக்கத்துக்குக் காவல் அதிகம்: பொய், தனிமை, குற்றவுணர்வு. அந்தக் குற்றவுணர்வைத் தாங்க முடியாமலே அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. தனியறை ஜெபத்தோடு நிற்காமல், இன்னொரு மனிதரிடம் வாய் திறக்கும்படி அந்த வசனம் கேட்கிறது. குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935-இல் தொடங்கிய மது மறப்போர் இயக்கம் (Alcoholics Anonymous) வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதும் இதையே கேட்கிறது. சபை முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. இரகசியம் காக்கும் ஒருவர் போதும். போதகராகவோ முதிர்ந்த விசுவாசியாகவோ இருக்கலாம். உங்களைக் கண்டித்தே பேசுபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தவிப்பு வரும் நேரங்களை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அப்போது போனில் அழைக்க அனுமதி பெறுங்கள்.

விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7:19-இல் எழுதிய பவுலை யாரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை. உங்கள் போராட்டமும் விசுவாசம் பொய் என்பதற்குச் சாட்சியல்ல. மறுபடி விழுந்தால் அன்றே அந்த நண்பரிடம் சொல்லுங்கள், எந்த நேரத்தில், எதற்குப் பிறகு என்று குறித்துவையுங்கள், மருந்தின் அளவு போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். திருவிருந்தைப் பற்றிய கூச்சத்தை உங்கள் போதகரிடம் இந்த வாரமே மனம்விட்டுப் பேசுங்கள். முழுவதும் விட்ட பிறகு ஆலயத்துக்குப் போகலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.