குரூப்பில் வி.பி.என். கேள்வி வந்தால் அட்மின் மாட்டுவாரா?

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்தில் டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கியவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறேன். ஆரம்பத்தில் ரிமோட், ரீசார்ஜ் என்றுதான் கேட்டார்கள். இப்போது பாதிப் பேர் "உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வருகிறதே, எப்படிப் பார்ப்பது" என்று கேட்கிறார்கள். துபாயில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு இங்கே ஓடும் சீரியலும் கிரிக்கெட்டும் வேண்டும், இங்கே இருப்பவர்களுக்கு அமெரிக்க ஆப் வேண்டும். வி.பி.என். (வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் ஆப்) போட்டுத் தந்தால் 200 ரூபாய் தருகிறேன் என்கிறார்கள். போன வாரம் ஒருவர் புதுப்படத்துக்கு டெலிகிராம் லிங்க் வேறு போட்டுவிட்டார். அட்மின்தான் முதலில் உள்ளே போவான் என்கிறார் ஒரு நண்பர். குரூப்பைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். ஆனால் அந்த 200 ரூபாயை மட்டும் வாங்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

முதலில் நண்பர் சொன்ன ஜெயில் கதை. கரூரில் ஒரு வழக்கறிஞர்கள் குரூப்பில் (எங்கள் ஆட்களேதான்!) ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்கு போட்டார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று போலீசுக்குச் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில்தான் சொல்லியிருக்கின்றன. அட்மினால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், ஒருவர் என்ன எழுதப் போகிறார் என்பதை முன்கூட்டியே தடுக்க முடியாது. அவை காப்புரிமை (காப்பிரைட்) வழக்குகள் இல்லை, ஆனாலும் காரணம் இங்கேயும் பொருந்தும். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்களை உள்ளே வைக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால் நீங்கள் வெறும் அட்மின் இல்லை. பாக்ஸை விற்றவரும் நீங்கள்தான், கேட்பவர்களுக்குப் பதில் சொல்பவரும் நீங்கள்தான். அதனால் மற்றவர் என்ன கேட்டார் என்பதைவிட நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன செய்து கொடுத்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வி.பி.என். இந்தியாவில் தடை செய்யப்பட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஓசூரிலிருந்து வீட்டில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்ப்பவர்கள் தினமும் அதில்தான் நுழைகிறார்கள். 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொன்னது வி.பி.என். நடத்தும் நிறுவனங்களைத்தான். சில வெளிநாட்டு நிறுவனங்கள் அது பிடிக்காமல் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பயன்படுத்துகிறவர் மேல் அதில் ஒரு சுமையும் இல்லை.

அப்புறம் ஏன் நாட்டுக்கு நாடு பூட்டு? நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி தியேட்டர்களுக்குப் படம் "சேலம் ஏரியா" விநியோகஸ்தர் வழியாக வருவது உங்களுக்குத் தெரியும், சென்னை ஏரியாவை வாங்கியவர் இங்கே படம் ஓட்ட முடியாது. ஓடிடி உரிமையும் அப்படித்தான் நாடு நாடாக விற்கப்படுகிறது. காசு கட்டிய தன் சொந்தக் கணக்கை வைத்து ஒருவர் வி.பி.என். மூலம் வேறு நாட்டுப் பட்டியலைப் பார்த்தால், அவர் அந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை மீறுகிறார். கணக்கை மூடலாம், கட்டிய காசு போகலாம். விலை குறைந்த நாட்டின் பெயரில் யூடியூப் பிரீமியம் எடுத்தவர்களின் சந்தாவை 2024-ல் ரத்து செய்தார்கள். இதெல்லாம் போலீஸ் வரை போகிற விஷயம் இல்லை.

குற்றமாகுமா என்றால், பார்க்க வேண்டியது காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, 2012 திருத்தத்தில் வந்தது. காப்புரிமையைப் பாதுகாக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் எண்ணத்தோடு தாண்டினால் 2 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. எண்ணம் என்பது முக்கியம். காசு கட்டி வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் நகல் எடுக்கவில்லை, ஊருக்குப் போட்டுக் காட்டவில்லை, அவரிடம் அந்த எண்ணத்தை நிரூபிப்பது கஷ்டம் என்பது என் கருத்து. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு மாதிரி வாதாடுவார், அதற்கும் இடம் இருக்கிறது.

ஆனால் அதே பிரிவின் உள்ளே யாரும் கவனிக்காத ஒரு வரி கிடக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் தாண்டலாம் என்று சொல்லிவிட்டு, அப்படித் தாண்ட இன்னொருவருக்கு உதவி செய்கிறவர் அந்த ஆளின் பெயர், முகவரி, அடையாள விவரம், எதற்காகச் செய்து கொடுத்தார் என்பது வரை முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கடையில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா? இருக்காது. 200 ரூபாயை வாங்கி, பாக்ஸை மடியில் வைத்து, நீங்களே போட்டுக் கொடுத்தால் அந்த வரிக்குள் நேராகப் போய் நிற்கிறீர்கள், அதுவும் ஜிபேயில் ரசீதோடு. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

டெலிகிராம் லிங்க் விவகாரம் இதோடு சேராது, அது நேரடித் திருட்டுப் படம். 63-வது பிரிவு மீறுகிறவரையும் மீறத் தூண்டி உதவுகிறவரையும் சேர்த்தே பிடிக்கிறது, 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதாவது ஸ்டேஷனில் ஜாமீன் கிடைக்காது, கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். போதாததற்கு நம் மாநிலத்துக் குண்டர் சட்டத்தில் 2004-லிருந்து திருட்டு வீடியோக்காரர்களும் உண்டு, ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஒரு லிங்குக்காக அதை யார் மேலும் போட மாட்டார்கள், பொது ஒழுங்கு கெடுகிறது என்று காட்டியாக வேண்டும். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லிங்க் வந்தால் பார்த்த உடனே எல்லோருக்கும் அழியும்படி அழியுங்கள், போட்டவரிடம் குரூப்பிலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள், மறுபடி போட்டால் நீக்குங்கள். அட்மினே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தால் நாளைக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

துபாய்ப் பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமீரகத்தின் 2021-ம் ஆண்டு சைபர் சட்டத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை (நெட்டில் நம் இணைப்பைக் காட்டும் எண், வி.பி.என். மாற்றுவது இதைத்தான்) மாற்றிக் காட்டினால் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் இருக்கிறது. வி.பி.என். வைத்திருப்பதே அங்கே குற்றம் என்று இல்லை, கம்பெனிகள் வைத்திருக்கின்றன. எது குற்றமாகும் என்பதை அந்த நாட்டு அதிகாரிதான் முடிவு செய்வார். காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு "ஒன்றும் ஆகாது தம்பி, போட்டுப் பார்" என்று நீங்கள் எழுதினால், மாட்டுவது அவன் வேலையும் விசாவும். அந்தச் சேனலுக்கு அங்கே தனி பேக் இருக்கிறதா, கிரிக்கெட் உரிமை அந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று தேடிச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கேள்வி கேட்பவரை விரட்டாதீர்கள். கேட்பது குற்றம் இல்லை. விரட்டினால் "எல்லாச் சேனலும் இலவசம்" என்று யாரோ தரும் ஆப்பை ஏற்றிக்கொண்டு பேங்க் ஓடிபியைப் பறிகொடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுவார்கள். அதோடு, அந்த எர்ரர் எல்லாமே உரிமப் பிரச்சினையும் இல்லை. வேலைக்காகப் போட்ட வி.பி.என். அணைக்கப்படாமல் கிடக்கும், பிளே ஸ்டோர் கணக்கு வேறு நாட்டில் இருக்கும். இங்கே சந்தா கட்டியவர் இங்கே கிடைக்க வேண்டியதைப் பார்க்க உதவுவதில் ஒரு தப்பும் கிடையாது, தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால், "இதற்கு உங்கள் நாட்டில் உரிமம் இல்லை, பாக்ஸில் கோளாறு இல்லை, அதைத் தாண்டும் வழியை இந்தக் குரூப்பில் சொல்வதில்லை" என்று ஒரே பதிலை எழுதி மேலே பின் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதினால் ஏதாவது ஒரு நாள் கூடுதலாக ஒரு வரி வந்துவிடும்.

எப்போதாவது வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயத்தில் குரூப்பை அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழித்ததாக ஆகிவிடும். வாட்ஸ்அப்பிலேயே பதிலும் அனுப்பாதீர்கள். உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே சிவில் வழக்கு போட 62-வது பிரிவு இடம் தருகிறது, சென்னைக்கோ மும்பைக்கோ அலைய நேரலாம், அதனால் தள்ளிப்போடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். கையில் காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்குமா என்று 15100-ல் கேளுங்கள்.