கரம்பு நிலத்துல ரொட்டவேட்டர் துள்ளுதா? முதல்ல மண்ணைப் புரட்டிப் போடுங்க

கேள்வி: பல வருஷமா புல்லு மண்டிக் கெடக்குற கால் ஏக்கர்ல காய்கறித் தோட்டம் போடலாம்னு இருக்கேன். 20 ஹெச்பி மினி டிராக்டரும் ஒரு ரொட்டவேட்டரும் இருக்கு. ஓட்டிப் பாத்தா ஒரே துள்ளல், வண்டியையே முன்னாடி தள்ளுது, ரெண்டு இஞ்சுக்கு மேல இறங்கல. நாலஞ்சு தடவ ஓட்டுனா சரியாகுமா, இல்ல தனியா கலப்பை வேணுமா?

பதில்: நாலஞ்சு தடவ ஓட்டாதீங்க, மொதல்ல அதை நிறுத்துங்க. ரொட்டவேட்டர் ஏற்கனவே உழுத மண்ணை ஒடைச்சுப் பொலபொலன்னு ஆக்குறதுக்கு உள்ளது, இறுகிப்போன கரம்பைத் திறக்குறதுக்கு இல்ல. அதோட கத்தி வண்டி போற திசையிலயே சுத்துது, மண்ணுக்குள்ள இறங்க முடியலைன்னா மேல ஏறி சக்கரம் மாதிரி ஓட ஆரம்பிச்சுடும், அதான் வண்டியைத் தள்ளுது. இன்னொரு பெரிய கெடுதல் இருக்கு, உங்க நிலத்துல அருகம்புல்லோ கோரையோ இருந்தா கத்தி அதோட தண்டையும் வேரையும் துண்டு துண்டா வெட்டி நிலம் பூரா தூவிவிடும், ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி, கோரைக்கிழங்கும் பிரிஞ்சு தனித்தனியா முளைக்கும். அப்புறம் வருஷக்கணக்கா களை எடுத்தே ஓஞ்சு போவீங்க.

கரம்புக்குத் தேவை இறக்கை வெச்ச, மண்ணை அப்படியே புரட்டிப் போடுற கலப்பை. 20 ஹெச்பிக்கு ஒரே ஒரு கொழு (மண்ணைக் கிழிக்கிற இரும்பு முனை) உள்ளது, 10 இல்லன்னா 12 இஞ்ச் அகலம் போதும், ரெண்டு கொழு வேண்டாம், இழுக்காது. கல்லும் மரவேரும் நெறைய இருந்தா வட்டத் தட்டு வெச்ச சட்டிக் கலப்பை நல்லது, தட்டுனா அது மேல உருண்டு ஏறிப் போயிடும், ஆனா புல்லை அந்தளவுக்குச் சுத்தமா மூடாது.

உழுறதுக்கு முன்னாடி புல்லை ஒட்ட வெட்டி எடுத்துடுங்க, நீளமா இருந்தா கலப்பையில சுத்திக்கும். கம்பி, கயிறு, கல்லு எல்லாம் பொறுக்கிடுங்க. தண்ணிக்குழாயோ கரண்ட் ஒயரோ அடியில போகுதான்னு கட்டாயம் விசாரிங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் பதம், அதாவது மண்ணுல இருக்குற ஈரம். நாலு இஞ்ச் ஆழத்துல இருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்துல இருந்து கீழ போடுங்க, உதிர்ந்தா உழலாம், உருண்டை அப்படியே சப்பையா ஒட்டிக்கிட்டு கெடந்தா இன்னும் ஈரம் ஜாஸ்தி, உருட்டவே வரலைன்னா காஞ்சு போச்சு, ஒரு மழையோ பாசனமோ வேணும். களிமண்ணை ஈரத்துல உழுதா செங்கல் மாதிரி கட்டி விழும், அந்தக் கட்டிய அந்த சீசன் பூரா ஒடைக்க முடியாது. அவசரமா இருக்குன்னு இதுல மட்டும் சமரசம் பண்ணாதீங்க, ப்ளீஸ்.

கலப்பைய மாட்டினதும் முதல் சால் மேலாக, மூணு நாலு இஞ்ச் போதும். ரெண்டாவது சால்ல இருந்து வலது பக்க டயர் முந்தின சாலுக்குள்ள ஓடும், வண்டி அந்தப் பக்கம் சாயும், அப்ப பின்னாடி இருந்து பாத்து கலப்பை தரைக்கு மட்டமா வர்ற வரைக்கும் வலது பக்கத் தூக்குக் கம்பியத் திருகி நீளத்தைக் குறைங்க. கொழு மண்ணுல இறங்கலைன்னா டாப் லிங்கை (கலப்பையோட மேல்பக்கத்த வண்டியோட இணைக்கிற கம்பி) கொஞ்சம் சுருக்குங்க, மூக்கு கீழ குனியும். ரொம்ப முங்குச்சுன்னா நீளமாக்குங்க. ஒரு தடவைக்கு ஒரு சுத்து ரெண்டு சுத்து மாத்தி ஓட்டிப் பாருங்க, மொத்தமா மாத்துனா எது எதால ஆச்சுன்னே தெரியாது.

ஆழம் 6 இஞ்ச் போதும். அகல உழுறதை விட ஆழ உழுன்னு சொல்றது உண்மைதான், ஆனா முதல் வருஷமே அடிமண்ணை மேல கொண்டு வந்தா சத்தில்லாத மண்ணுலதான் விதை விழும், அடுத்தடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஆழத்தைக் கூட்டுங்க. லோ கியர்ல நிதானமா ஓட்டுங்க. டயர் தடம் தெளிவா பதிஞ்சிருந்தா பிடிமானம் இருக்கு, தேஞ்சு வழுக்கின மாதிரி இருந்தா சக்கரம் சும்மா சுத்துது, ஆழத்தைக் குறைங்க, இல்லன்னா பின் டயருக்கு எடை ஏத்துங்க.

நடுவுல ஆரம்பிச்சு வலது பக்கமாவே சுத்தி வாங்க, மண்ணு நடுவுக்கு விழும், பள்ளம் ஓரத்துக்குப் போயிடும், அதை வடிகாலா வெச்சுக்கலாம். மறுபடி எப்பவாவது இந்தக் கலப்பைய ஓட்டுனா திசைய மாத்தி ஓட்டுங்க, சமமாயிடும். நிலம் சரிவா இருந்தா சரிவுக்குக் குறுக்காதான் உழணும், இல்லன்னா மழைத்தண்ணி சால் வழியா மேல்மண்ணை அடிச்சுட்டுப் போயிடும், ஆனா வண்டி சாயுற அளவு செங்குத்தான எடம்னா அங்க டிராக்டரே வேண்டாம்.

உழுதுட்டு உடனே நடாதீங்க. ரெண்டு மூணு வாரம் வெயில்ல காயட்டும், மேல வந்த வெள்ளைப்புழுவ பறவைங்க தின்னுடும், புதைஞ்ச புல்லு மக்க ஆரம்பிக்கும். மக்குறப்ப மண்ணுல உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கும், அப்பவே நட்டா செடி மஞ்சளாத்தான் நிக்கும். பிறகு கொத்துக் கலப்பைய (மண்ணைப் புரட்டாம கீறி விடுற, பல கொழு வெச்ச கல்டிவேட்டர்) குறுக்கால ஓட்டி அருகம்வேரை எல்லாம் இழுத்து மேல கொண்டு வந்து பொறுக்கி வெளிய போடுங்க, இதுல சோம்பல் படாதீங்க. அதுக்கப்புறம் மக்கின எருவைத் தூவி ரொட்டவேட்டரை ஒரே ஒரு தடவ ஓட்டுங்க, மாவு மாதிரி அரைச்சா அடுத்த மழையிலேயே மேல ஓடு கட்டிடும்.

ரொட்டவேட்டர் ஓடுறப்ப பக்கத்துல யாரும், முக்கியமா குழந்தைங்க, நிக்கவே கூடாது. கத்தியில புல்லு சிக்குனா பிடிஓவ (ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கிற வண்டியோட தண்டு) மட்டும் நிறுத்தினா பத்தாது, இன்ஜினை ஆஃப் பண்ணி சாவிய எடுத்துட்டுதான் இறங்கணும்.

கலப்பை வாங்கணுமான்னு கேட்டீங்க, வேண்டாம். ஒரு தடவ கரம்பு திறந்துட்டா அடுத்த வருஷத்துக்கு கொத்துக் கலப்பையும் உங்க ரொட்டவேட்டருமே போதும், இந்த ஒரு உழவுக்கு வாடகைக்கு எடுத்துக்கோங்க, உங்க வண்டி கொக்கிக்குப் பொருந்துதான்னு மட்டும் முன்னாடியே மாட்டிப் பாத்துடுங்க.