லெட்ரோசோல் மாத்திரையும் அகன்றுவரும் வகிடும்

கேள்வி: எனக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, கொட்டிய முடி மீண்டும் வளர்ந்தது. 8 மாதங்களாக லெட்ரோசோல் சாப்பிட்டு வருகிறேன். இப்போது வகிடு அகன்றுகொண்டே போகிறது. உயிர் பிழைத்தவள் முடியைப் பற்றிக் கேட்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. மாத்திரையைச் சில மாதங்கள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பொதுவாக 5 ஆண்டுகளாவது சாப்பிட வேண்டிய இந்த மாத்திரைதான் நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் முடியைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். கவலையை வெளியே சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு என்பதால், நீங்கள் கேட்டு எழுதியது எனக்கு நிம்மதி தருகிறது.

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிட்டாலும், கொழுப்புத் திசு போன்ற இடங்களில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நொதியைத்தான் லெட்ரோசோல் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் புற்றுநோய்ச் செல்களுக்கு அது கிடைக்காமல் போகிறது. கூடவே, முடியின் வளரும் பருவத்தை நீட்டித்து வந்த ஈஸ்ட்ரோஜனின் துணையும் குறைந்து, ஆண்ட்ரோஜன்களின் கை ஓங்குவதால், உச்சந்தலையிலும் முன்பக்கத்திலும் முடி மெலிந்தும் குட்டையாகவும் வளர்கிறது. கீமோதெரபியில் சில வாரங்களிலேயே கொத்துக்கொத்தாகக் கொட்டியதைப் போன்றதல்ல இது. மெல்ல நடப்பது, பெரும்பாலும் முழு வழுக்கை வரை போகாதது.

எல்லாப் பழியையும் மாத்திரையின் மேல் போட்டுவிடவும் கூடாது. தைராய்டு, ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தலையில் தடவும் மினாக்ஸிடில் ஹார்மோன் வழியாகச் செயல்படுவதில்லை. ஆகவே உங்கள் நிலையில் நான் முதலில் யோசிப்பது அதைத்தான். இதய நோய் ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரங்களில் உதிர்வது கூடலாம். பயந்து விட்டுவிட வேண்டாம். பலன் தெரிய 4 முதல் 6 மாதங்கள் ஆகும், நிறுத்தினால் அந்தப் பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்துகள் உங்களுக்குத் தெரிந்த வேறு பெண்களுக்கு உதவியிருக்கலாம். ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் வந்த நீங்கள், புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது.

இவ்வளவு செய்தும் தாங்க முடியாத அளவு மெலிந்தால், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன், டமாக்ஸிஃபென் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற இடமிருக்கிறதா என்று புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். அவற்றாலும் முடி மெலியலாம் என்பதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். அவர் மாற்றி எழுதித் தரும்வரை லெட்ரோசோலை ஒரு நாளும் விடாதீர்கள்.