வயலை விற்காதீர்கள், சட்டம் படிக்க விடுங்கள்

போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பதி, பிளஸ் டூ முடித்த மகளுடன், அடுத்து என்ன படிக்க வைப்பது என்று யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். "பருவநிலை மாற்றம், உலக சமாதானம் என்று ஏதேதோ சொல்கிறாள். அதெல்லாம் சோறு போடுமா சார்?" என்றார் அம்மா. தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட்டுப் பேசி வைத்திருக்கிறாராம்.

பதற வேண்டாம் என்றுதான் தொடங்கினேன். அதற்காக ஒன்றரை ஏக்கரை விற்கப்போவதாக அப்பா சொன்னதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். கணக்கே பிடிக்காத பெண்ணுக்கு, மாமனின் கௌரவத்துக்காக நிலத்தை விற்று எதற்கு ஒரு சீட்டு?

அவளிடம் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டிய நோட்டு ஒன்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: 'தீவு மூழ்கிவிட்டால் அந்த நாட்டின் கடல் யாருக்கு?' மீனும் எண்ணெயும் இருக்கும் கடலுக்கு அண்டை நாடு உரிமை கோரினால் சண்டைதான். இது சட்டக் கேள்வி என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியுறவுப் பணித் தேர்வைப் பற்றி ஊரே சொல்லும். நான் சொன்னது ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு. 2019இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் போர்ட் விலாவில் படித்த 27 சட்ட மாணவர்கள், பருவநிலை விவகாரத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்படி பசிபிக் அரசுகளைக் கேட்டார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29இல் ஐ.நா. பொதுச்சபை, அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு வாக்கெடுப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகரில் 96 நாடுகள் வாதங்களை வைத்தன. 2025 ஜூலை 23இல் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரை வழங்கினார்கள். அதன்படி, கடல் ஏறுகிறது என்பதற்காகக் கடல் எல்லை வரைபடத்தைத் திருத்த வேண்டியதில்லை. நிலம் போனாலும் நாடு என்ற தகுதி போய்விட வேண்டும் என்பதில்லை. பென்சில் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. அது யாரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு சின்ன நாட்டுக்கு அதைவிட வேறென்ன பிடி இருக்கிறது?

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கிவிடும். முதல் ஆண்டிலேயே பிரெஞ்சு படிக்கச் சொன்னேன். ஹேக் நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். மாணவர்கள் வழக்கறிஞர்களைப் போல வாதாடும் 'ஜெசப்' என்ற சர்வதேசப் போட்டிக்கும் கல்லூரியில் அணி சேர்க்கச் சொன்னேன். சர்வதேசச் சட்டத்தில் வாதாடக் கற்றுக்கொள்ள அதைப்போல் வேறு களம் இல்லை. வெளிநாட்டில் மேற்படிப்பு என்பது, உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே. கடன் வாங்கி என்றால் நானே தடுப்பேன்.

மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் சொற்பம், அதை மறைக்கவில்லை. ஹேக் வாய்க்காவிட்டாலும் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

அப்பா வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு, "மச்சானிடம் என்ன சொல்வது?" என்றார்.

என் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன்.